புயலுக்கு முந்திய செய்தி

ஐப்பசி பிறந்து வாடைக் காற்று வீசத் தொடங்கிவிட்டால், சோழமண்டலக் கரையில் வாழும் மக்களின் கண்கள் கிழக்கு வானத்தை நாடுகின்றன. தமிழ்நாடு ஆண்டு முழுவதிலும் பெறும் மழையில் ஏறத்தாழப் பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று திங்களில் வடகிழக்குப் பருவமழை தந்துவிடுகிறது. நம் ஏரிகள் நிறைவதும் கிணறுகளில் நீர் ஊறுவதும் பெரும்பாலும் இம்மழையால்தான். ஆயினும், மழையைத் தரும் அதே வங்கக் கடல்தான் புயலையும் அனுப்புகிறது. உழவன் ஆவலோடு நோக்கும் திசையை மீனவன் அச்சத்தோடு நோக்க வேண்டிய காலம் இது.

நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய பள்ளி கடற்கரையை ஒட்டியது. பள்ளி முற்றத்தில் ஒரு மழைமானியையும் காற்றுத் திசைகாட்டியையும் அமைத்திருந்தோம். நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு மாணவர்கள் மழையளவைக் குறிப்பார்கள். புயல் உருவாகிவிட்டால், வானொலிச் செய்தியில் கூறப்படும் அட்சரேகை தீர்க்கரேகை எண்களைக் கேட்டு, வங்கக் கடலின் படத்தில் புள்ளியிட்டுப் புயல் செல்லும் வழியைக் கோடாக வரைவார்கள். ஒரு நாள் அவ்வாறு வரைந்து முடித்த பின்னர், மீனவர் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் எழுந்து நின்று, “ஐயா, புயல் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. எங்கள் அப்பா இருக்கும் இடம் இந்தப் படத்தில் எது?” என்று கேட்டான். அவனுடைய தந்தை மறுநாள் நலமாகக் கரை சேர்ந்துவிட்டார். ஆனால் அவ்வினாவுக்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. நம் கரையில் புயலைக் கண்டறியும் கலை வளர்ந்த வரலாற்றை நான் பயிலத் தொடங்கியதற்கு அந்த வினாவே காரணம்.

பண்டை நாளில் கடலோடிகளிடம் கருவி ஏதும் இல்லை. காற்றின் பெயர்களே அவர்களுடைய கருவி. வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். காற்று எத்திசையிலிருந்து எத்திசைக்கு மாறுகிறது என்பதைக் கொண்டே கடலின் குணத்தை அவர்கள் உணர்ந்தார்கள். அது வெறும் நம்பிக்கை அன்று. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே புயற்காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. ஆகவே, காற்று முதுகில் படும்படி ஒருவன் நின்றால், புயலின் நடுவிடம் அவனுக்கு இடப்புறத்தில் இருக்கும். நம் கரையில் வாடை பலமாக வீசும்போது அதற்கு முதுகு காட்டி நில்லுங்கள். உங்கள் இடக்கை கிழக்கே கடலைக் காட்டும். புயல் அங்கேதான் இருக்கிறது. பின்னர் வாடை கோடையாக மாறினால், புயல் நமக்கு வடக்கே கரை கடக்கிறது என்று அறியலாம். வாடை கொண்டலாக மாறினால், அது நமக்குத் தெற்கே கடக்கிறது. இப்பின்னதே கொடியது, ஏனெனில் கொண்டல் கடல்நீரைக் கரைமேல் தள்ளும்.

இவ்வளவு அறிந்திருந்தும், புயல் வருமுன் அறிவிக்க அக்காலத்தில் வழியில்லை. அரசுகளும் படைகளும் அதற்கு விலை கொடுத்தன. 1746-ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லபூர்தொன்னே சென்னையைக் கைப்பற்றினான். அடுத்த மாதமே, சென்னைக்கு எதிரே நங்கூரமிட்டிருந்த அவனுடைய கப்பற்படையைப் புயல் சிதைத்துவிட்டது. 1761-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று, புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயரின் கப்பல்களுக்கு அதே கதி நேர்ந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கடலில் மாண்டனர். முற்றுகை அதனால் நின்றுவிடவில்லை. அம்மாத நடுவிலேயே புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. வரலாற்று நூல்கள் இவ்வெற்றி தோல்விகளை விரிவாக எழுதுகின்றன. அந்நாட்களில் கரையோரக் குடிசைகளில் மாண்டவர்களின் கணக்கை எழுதி வைத்தவர் இல்லை.

1792-ஆம் ஆண்டு சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒரு வான ஆராய்ச்சி நிலையம் அமைத்தனர். அதன் நோக்கம் விண்மீன்களை ஆராய்வதே. எனினும் அந்நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே வானிலைக் குறிப்புகளையும் எழுதத் தொடங்கிவிட்டனர். 1899-இல் விண்மீன் ஆராய்ச்சி கோடைக்கானலுக்கு மாற்றப்பட்ட பின்பும், வானிலைப் பணி நுங்கம்பாக்கத்திலேயே தொடர்ந்தது. பழைய நிலையத்தின் தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பொறித்த எழுத்துகளோடு அவ்வளாகத்தில் நிற்கிறது. சென்னை செல்லும் மாணவர்கள் அதைக் காண வேண்டும்.

ஓரிடத்தில் இருந்து காற்றையும் மழையையும் அளப்பதால் மட்டும் புயலைத் தொடர இயலாது. புயல் என்பது முழு உருவில் எப்படி இருக்கும் என்பதை முதலில் அறிய வேண்டும். இப்பணியில் பெரும் பங்கு கொண்டவர் ஹென்றி பிடிங்டன். கப்பல் தலைவராக இருந்து பின்னர் கல்கத்தாவில் வாழ்ந்த இவர், புயலில் சிக்கிய கப்பல்களின் நாட்குறிப்புகளைத் தேடிச் சேர்த்தார். எந்த மணியில், எந்த இடத்தில், காற்று எத்திசையிலிருந்து வீசியது என்பதைப் பல கப்பல்களின் குறிப்பிலிருந்து எடுத்து ஒரே படத்தில் இட்டுப் பார்த்தார். அக்குறிகள் வட்டமாகச் சுழன்றன. பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் ‘சைக்ளோன்’ என்னும் பெயரை உண்டாக்கினார். 1848-ஆம் ஆண்டு மாலுமிகளுக்காக அவர் வெளியிட்ட நூலோடு, கொம்பினால் செய்த ஒளி ஊடுருவும் தகடுகளும் இருந்தன. மாலுமி அத்தகட்டைக் கடற்படத்தின்மேல் வைத்து, புயலின் நடுவிடம் எங்கே, எப்பக்கம் ஒதுங்கினால் தப்பலாம் என்று கணிக்கலாம்.

பிடிங்டன் 1858-இல் மறைந்தார். கப்பல் திரும்பி வந்த பிறகே அதன் நாட்குறிப்பு அவர் கைக்குக் கிட்டும். அவர் ஆராய்ந்தவையெல்லாம் கடந்துபோன புயல்களே. வந்துகொண்டிருக்கும் புயலை அறிய, அதைவிட விரைந்து செல்லும் தூதன் ஒருவன் வேண்டும். அத்தூதன் தந்தி. புயலுக்குள் காற்று அசுர வேகத்தில் சுழன்றாலும், புயல் முழுவதுமாக இடம் பெயரும் வேகம் பெரும்பாலும் மணிக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர் அளவே. ஆகவே ஒரு துறைமுகத்தில் கண்டதை மற்றொரு துறைமுகத்துக்குப் புயலுக்கு முன்பே தெரிவித்துவிட முடியும்.

தந்தி இருந்தும், அதைப் பயன்படுத்தும் ஏற்பாடு தோன்றப் பேரழிவு ஒன்று நேர வேண்டியிருந்தது. 1864-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி கல்கத்தாவைத் தாக்கிய புயலில் சுமார் 60,000 பேர் மாண்டதாகக் கணக்கிட்டனர். ஒரு திங்கள்கூட நிறையவில்லை. நவம்பர் 1-ஆம் தேதி மசூலிப்பட்டினத்தை மற்றொரு புயல் தாக்கிற்று. கடல் ஊருக்குள் புகுந்து, ஏறத்தாழ 30,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. மறு ஆண்டே கல்கத்தாத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை முறை ஏற்பட்டது. 1875-இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது, எச். எப். பிளான்போர்டு அதன் முதல் தலைவரானார். 1881-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி, ஏறக்குறையக் கட்டி முடிந்திருந்த சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களைப் புயல் உடைத்தெறிந்தது. 1886-க்குள் எச்சரிக்கை முறை இந்தியத் துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் பரவியது.

துறைமுகத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டுகளைப் பற்றிச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். பகலில் கூம்பும் உருளையுமாக, இரவில் வெள்ளையும் சிவப்புமான விளக்குகளாக அவை கொடிமரத்தில் தொங்கும். எண் உயர்ந்தால் காற்று வலுக்கும் என்று மட்டும் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்கள் கூறுவது அதனினும் நுட்பமானது. 1, 2 ஆகியவை தொலைவிலுள்ள புயலைக் குறிப்பன. 3, 4 ஆகியவை துறைமுகத்துக்கு நேரக்கூடிய மோசமான வானிலையைச் சுட்டுவன. 5, 6, 7 ஆகியவை அபாயத்தையும், 8, 9, 10 ஆகியவை பேரபாயத்தையும் அறிவிப்பன. துறைமுகம் புயலின் வழிக்கு இடப்புறம் அமைந்தால் 5. வலப்புறம் அமைந்தால் 6. புயல் துறைமுகத்தின் மீதோ அதற்கு மிக அருகிலோ கடந்தால் 7. வாடையும் கொண்டலும் கொண்டு நம் முன்னோர் அறிந்த அதே வேறுபாடு இவ்வெண்களில் அடங்கியிருக்கிறது.

இவற்றுக்கு மேல் 11 என்று ஒரு கூண்டு உண்டு. அது காற்றின் வலிமையைக் கூறுவதில்லை. எச்சரிக்கை நிலையத்தோடு இருந்த செய்தித் தொடர்பு அறுந்துவிட்டது. அபாயம் இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். செய்தி வாராமையே பேரபாயத்தைக் கடந்த அபாயம் என்று இம்முறையை வகுத்தோர் உணர்ந்திருந்தனர். என் வகுப்பில் அச்சிறுவன் கேட்டதும் இதைப் பற்றியதே.

1964-ஆம் ஆண்டு மார்கழித் திங்கள் அதனை நமக்கு உணர்த்தியது. டிசம்பர் 17-ஆம் தேதி தெற்கு அந்தமான் கடலில் தோன்றிய தாழ்வு மண்டலம் பெரும்புயலாக வளர்ந்து, 22-ஆம் தேதி இலங்கையைக் கடந்து, அன்றிரவு தனுஷ்கோடியைத் தாக்கிற்று. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்கிய வேளையில் பேரலை அதை வாரிக்கொண்டது. அதில் இருந்த நூற்றுக்கு மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தின் 145 இரும்பு உத்தரங்களில் 126 வீழ்ந்தன. அப்பாலத்தை 46 நாட்களில் பொறியாளர்கள் சீர்செய்துவிட்டனர். தனுஷ்கோடி என்னும் ஊர் மீண்டும் எழவில்லை. அந்நாளில் இந்தியக் கரையில் புயலைக் காணும் ராடார் ஒன்றுகூட இல்லை. முதல் ராடார் 1970-இல் விசாகப்பட்டினத்திலும், பின்னர் 1973-இல் சென்னையிலும் அமைந்தன. 1983-இல் ஏவப்பட்ட இன்சாட் 1பி என்னும் செயற்கைக்கோள், கடலின்மேல் திரளும் மேகச் சுழலை மேலிருந்து காட்டியது. 2002-இல் சென்னையில் அமைந்த டாப்ளர் ராடார், மேகத்தினுள் காற்று வீசும் வேகத்தையும் அளந்தது.

இத்தனை கண்கள் இருந்தால் போதுமா? 1977-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் தேதி ஆந்திரத்தின் திவிசீமைப் பகுதியில் கடல் புகுந்தபோது, ராடாரும் இருந்தது, எச்சரிக்கையும் விடப்பட்டிருந்தது. இருந்தும் பதினாயிரம் பேருக்குக் குறையாமல் மாண்டனர். அதே வங்கக் கடலின் கரையிலுள்ள ஒடிசாவில் 1999-இல் வந்த பெரும்புயலும் ஏறத்தாழ அத்தனை பேரைக் கொன்றது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2013-இல், அம்மாநிலத்தை மீண்டும் ஒரு கடும்புயல் தாக்கிற்று. இம்முறை லட்சக்கணக்கான மக்களை முன்கூட்டியே மேட்டு நிலங்களுக்கும் புயல் காப்பகங்களுக்கும் கொண்டு சேர்த்திருந்தனர். மாண்டோர் தொகை சில பத்துகளில் நின்றது. கடல் மாறவில்லை, காற்றும் இளகவில்லை. சிற்றூர்க் குடிசை வரை செய்தி சென்றது. சென்ற செய்தியை மக்கள் நம்பினார்கள். நம்பியவர்களுக்குப் போய்ச் சேர ஓர் இடம் இருந்தது.

கரையில் இருப்போருக்கு இவ்வாறு வழி பிறந்தது. கடலில் இருப்போரின் நிலை என்ன? 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதி, கன்னியாகுமரிக்கு அருகே, கரையை ஒட்டியே ‘ஒக்கி’ புயல் விரைந்து வலுப்பெற்றது. ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பல நாட்களுக்கு முன்பே சென்றிருந்த படகுகள், கரையிலிருந்து பேசும் கம்பியில்லாக் கருவி எட்டாத தொலைவில் இருந்தன. வானத்திலிருந்து புயலைப் பார்க்க முடிந்தது. படகிலிருந்தவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளக் கரையிலும் எத்தனையோ வீடுகளில் தந்தையர் திரும்பவில்லை. அதன் பின்னரே, ஆழ்கடல் படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளைப் பொருத்தும் முயற்சி விரைவு பெற்றது.

மாணவர்களே! புயலைத் தடுக்கும் ஆற்றல் மனிதனுக்கு இல்லை. புயலுக்கு முன் செய்தியை ஓடச் செய்யும் ஆற்றல் மட்டுமே அவனுக்கு உண்டு. கப்பல் நாட்குறிப்பு, தந்தி, வானொலி, ராடார், செயற்கைக்கோள் என்று அவ்வோட்டம் இருநூறு ஆண்டுகளாக விரைந்து வந்திருக்கிறது. ஆயினும் கடைசிப் படகுக்கும் கடைசிக் குடிசைக்கும் இடையிலுள்ள சிறு தொலைவே கடக்க அரியதாக இருக்கிறது. அத்தொலைவில்தான் நீங்கள் வாழ்கிறீர்கள்.

உங்கள் பள்ளியில் மழைமானி இல்லையெனில் ஆசிரியரிடம் கேட்டு ஒன்று அமையுங்கள். காற்று மாறும் திசையைக் குறித்து வையுங்கள். புயல் செய்தி வந்தால், படத்தில் புள்ளி வைப்பதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி எவர், தனியே வாழும் முதியவர் எவர், கடலுக்குச் சென்றிருப்பவர் எவர் என்று அறிந்து, அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். “எங்கள் அப்பா இருக்கும் இடம் இந்தப் படத்தில் எது?” என்று ஒரு சிறுவன் கேட்டால், நான் கூறத் தவறிய விடையைக் கூறும் பொறுப்பு இனி உங்களுடையது.