டமஸ்கஸ் ஒஸ்தா எழுதிய சரித்திரம்

எங்கள் ஊர்ப் பக்கத்தில் நாவிதர் என்று யாரும் சொல்வதில்லை, ஒஸ்தா என்போம். உஸ்தாத் என்ற சொல்தான் தேய்ந்து ஒஸ்தாவாகி நிற்கிறது. ஆசானைக் குறிக்கும் சொல்லை அவருக்குக் கொடுத்தோம், ஆசானின் மரியாதையைக் கொடுக்கவில்லை. நாற்பதாம் நாள் என் தலைமுடி இறக்கியவரும், பின்னர் சுன்னத்து வைத்தவரும் ஒரே ஒஸ்தா மாமாதான் என்று உம்மா சொல்வார். கல்யாண வீடுகளில் எந்தச் சஹனில் அவர் உட்கார்ந்தார் என்பது எனக்கு ஞாபகமில்லை. ஊர் வரலாறு என்று நாம் வெளியிடும் மலர்களில் மரைக்காயர்மார் இருக்கிறார்கள், பள்ளிவாசலுக்குக் காணி கொடுத்தவர் இருக்கிறார், முதல் பட்டதாரியும் இருக்கிறார். ஒஸ்தாவைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

ஆனால் 18ஆம் நூற்றாண்டில் ஓர் ஒஸ்தா தானே பேனா எடுத்து, தன் ஊரின் சரித்திரத்தை எழுதி வைத்திருக்கிறார். ஷிஹாபுத்தீன் அஹ்மத் இப்னு புதைர் என்பது பெயர். அல்-ஹல்லாக், அதாவது முடி வழிப்பவர், என்பது அவரது பட்டப்பெயர். ஊர் டமஸ்கஸ். நகர மதிலுக்குத் தெற்கே, ஹஜ் பயணிகள் புறப்பட்டுப் போகும் வழியிலிருந்த குபைபாத் என்ற புறநகர்ப் பகுதியில் பிறந்தவர். அவரது குடும்பத்தார் ஹஜ் பாதையில் சுமை தூக்கிப் பிழைத்தவர்கள். இவர் தகப்பன் வழித் தொழிலை விட்டுச் சவரக்கத்தியைப் பிடித்தார். தொழில் படித்த உஸ்தாத், 1731இல் வபாத்தான பெரும் ஸூபி அறிஞர் அப்துல் கனி அந்-நாபுலுஸிக்கே முடி வழித்தவராம். அந்தப் பெருமையை இவர் எழுதாமல் விடவில்லை.

சவரக்கடையை விடச் செய்தி சேரும் இடம் வேறு ஏது? ஆலிமும் வருவார், சிப்பாயும் வருவார், பக்கத்துக் கடைக்காரரும் வருவார். கத்தி கழுத்தில் இருக்கும்போது யாரும் எழும்பிப் போகவும் முடியாது! அப்படிச் சேர்ந்ததையும் கண்ணால் கண்டதையும் 1741 முதல் 1762 வரை, ஏறத்தாழ இருபது வருடங்கள் எழுதி வந்திருக்கிறார்.

என்ன எழுதினார்? ரொட்டி என்ன விலை, கோதுமை என்ன விலை என்று திரும்பத் திரும்ப எழுதினார். அரண்மனை வரலாற்றாசிரியர் யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தோன்றாது, பிள்ளைகுட்டிக்காரருக்குத் தோன்றும். டமஸ்கஸுக்குப் போகிறவர்கள் இன்றும் பார்த்து வியக்கும் அஸ்ம் மாளிகையை ஆளுநர் அஸ்அத் பாஷா 1750ஐ ஒட்டிக் கட்டுவித்தார். அந்த மாளிகைக்காக ஊரிலுள்ள கொத்தனும் தச்சனும் கல்லும் மரமும் இழுக்கப்பட்டதை நமது ஒஸ்தா எழுதி வைத்திருக்கிறார். 1757இல் ஹஜ்ஜிலிருந்து திரும்பிய பயணக் கூட்டத்தைப் பதவிகள் சூறையாட, பாலைவனத்தில் பசியாலும் தாகத்தாலும் கணக்கற்றோர் மாண்டனர். ஹஜ் பாதைக் குடும்பத்தில் பிறந்தவருக்கு அது எப்படி வலித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1759 ஒக்டோபரிலும் நவம்பரிலும் பூமி அதிர்ந்தது. உமையா பள்ளிவாசலும் சேதமடைந்தது. ஜனங்கள் வீடுகளை விட்டுத் தோட்டங்களில் படுத்த இரவுகளும் அவர் நூலில் உண்டு. இடையிடையே அண்டை அயலில் மௌத்தானவர்களுக்கு நாலு வரி. பாஷாவுக்கும் அதே தாள்தான், பக்கத்து வீட்டுக்காரருக்கும் அதே தாள்தான்.

அவர் எழுதிய அரபு, மத்ரஸா அரபு அல்ல. எதுகை போட்டு அழகாக ஒரு வசனம் தொடங்கும், அடுத்த வசனம் கடைத்தெருப் பேச்சில் இறங்கிவிடும்.

அதுதான் அவருக்கு வினையாயிற்று. 19ஆம் நூற்றாண்டில் முஹம்மத் ஸஈத் அல்-காஸிமி என்ற அறிஞரின் கையில் இந்தப் பிரதி கிடைத்தது. மஹாஸினுத் தஃவீல் என்ற தப்ஸீரை எழுதிய ஜமாலுத்தீன் அல்-காஸிமியின் தகப்பனார்தான் இவர். நல்ல நோக்கத்தோடுதான் கை வைத்தார். பேச்சு வழக்கைத் திருத்தினார். தேவையற்றது என்று பட்டதை வெட்டினார். ஒஸ்தா தன்னைப் பற்றிச் சொன்னவற்றில் பலவும் அந்த வெட்டில் போயின. 1959இல் கெய்ரோவில் அச்சேறியது இந்தத் திருத்திய பிரதிதான். இதில் ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை: காஸிமியின் தகப்பனாரும் ஒரு ஹல்லாக். சவரத் தொழிலிலிருந்து படித்து மேலே வந்து ஆலிமானவர். அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் இன்னொரு ஹல்லாக்கின் வாயை அடைத்தது.

நல்லகாலம், காஸிமியின் கை படாத பிரதி ஒன்று அயர்லாந்தின் டப்ளின் நகரில், செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருந்தது. டானா சஜ்தி என்ற ஆய்வாளர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, 2013இல் இந்த ஒஸ்தாவைப் பற்றி ஒரு நூலே எழுதினார். எனக்கு அறிமுகமும் அதன் மூலம்தான்.

அதை வாசித்த அன்று எனக்கு ஒரு கொப்பி ஞாபகம் வந்தது. சில வருடங்களுக்கு முன் தரம் பத்துப் பிள்ளைகளிடம் ‘எனது குடும்பப் பெரியவர்’ என்று கட்டுரை கேட்டிருந்தேன். ஒரு மகன் தன் மூத்தப்பாவைப் பற்றி ஆறு பக்கம் எழுதி வந்தான். ஒஸ்தா குடும்பம். எந்த வீட்டில் எந்த வருடம் யாருக்குச் சுன்னத்து, 78 சூறாவளிக்குப் பிறகு கூலிக்குப் பதில் எத்தனை மரைக்கால் நெல் கிடைத்தது, யார் கொடுக்காமலே விட்டார், எல்லாம் இருந்தது. எல்லாம் மூத்தப்பா பேசின மாதிரியே. நான் தமிழ் சிறப்புப் பட்டதாரி அல்லவா! ‘பேச்சு வழக்கு தவிர்க்க’ என்று ஓரத்தில் எழுதி, பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையால் கோடு போட்டேன். பிள்ளை அழகான செந்தமிழில் ஒன்றரைப் பக்கமாகத் திருப்பி எழுதிக் கொடுத்தான். புள்ளியும் போட்டேன்.

போன நோன்புப் பெருநாளுக்கு அவனைக் கண்டேன். கொழும்பில் வேலை. மூத்தப்பா மௌத்தாகிவிட்டாராம். முதல் எழுதின அந்தக் கொப்பி இருக்கிறதா மகன் என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டான்.

“அது அப்பவே கிழிச்சுப் போட்டுட்டன் சேர். நீங்க சரியில்லண்டுதானே சொன்னீங்க.”