கோயிலுக்கு முன் குடிமனை



ஜூபிலி மலர் என்றால் கோயிலுக்கு அஸ்திவாரம் போட்ட நாள், மணி வந்த கதை, பணியாற்றிய குருக்களின் வரிசை ஆகியவற்றை எழுதுவது வழக்கம். அவை இம்மலரின் பிற பக்கங்களில் இடம்பெற்றுள்ளன. அவற்றுக்கெல்லாம் முந்திய ஒரு காரியத்தை நாம் இங்கே எழுத விரும்புகிறோம். மக்கள் குடியேறாத இடத்தில் கோயில் எழும்புவதில்லை. கால் ஊன்ற மனையில்லாதவன் எங்கும் குடியேற முடிவதுமில்லை. செங்கல்பட்டுச் சீமையின் ஏழை உழவர்கள் தமக்கென்று ஒரு மனையைப் பெற்றது எப்படி என்பதே நாம் சொல்ல வந்த வரலாறு.

ஆற்காட்டு நவாப் 1763ஆம் ஆண்டில் இச்சீமையை ஆங்கிலக் கம்பெனியாருக்கு ஜாகீராகக் கொடுத்தார். இங்கே மிராசு முறை ஆழமாக வேரூன்றியிருந்தது. ஊரின் நன்செய், புன்செய் மட்டுமன்று, தரிசின் மீதும் மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினர். தரிசைத் தர்க்காஸ்து செய்து பயிரிட ஓர் ஏழை விண்ணப்பம் போட்டால், முதல் உரிமை மிராசுதாரருக்கே என்பது விதி. பண்ணையாளின் குடிசை நின்ற சேரிமண்ணும் பல ஊர்களில் அவ்வாறே மிராசுதாரருடையதாகக் கருதப்பட்டது.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். கூலி உயர்த்திக் கேட்டால் குடிசையைப் பிரி என்பார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலும் அதே பேச்சுத்தான். தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் பிறந்து வளர்ந்து மாண்டவனும், நாளைக் காலை எங்கே இருப்போம் என்று அறியாத அந்நியனாகவே வாழ்ந்தான். வயிற்றுப் பசியைவிட இந்த அச்சமே அவனை அடிமையாக்கியது.

1891ஆம் ஆண்டில் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரெமன்ஹீர் என்பவர் இம்மக்களின் நிலை பற்றி விரிவான அறிக்கை ஒன்றை எழுதி ரெவினியூ போர்டுக்கு அனுப்பினார். தரிசு நிலத்தையும் குடியிருக்கும் மனையையும் இவர்களுக்கு உரிமையாக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அதற்கு முன்னரே, சகோதர சபைகளைச் சேர்ந்த ஆதாம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி ஆகிய போதகர்கள் இக்கொடுமையை வெளியுலகுக்கு எடுத்துரைத்து வந்தனர். அம்மக்களிடையேயும் விழிப்பு தோன்றியிருந்தது. இம்மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1891இல் ஒரு மகாஜன சபையையும், 1893இல் 'பறையன்' என்னும் பத்திரிகையையும் தொடங்கினார்.

அதே 1891ஆம் ஆண்டு மே மாதத்தில் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 'ரேரும் நொவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். தொழிலாளி தன் உழைப்பால் சிறிதளவேனும் நிலம் பெற்று, அதைத் தன் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்ல வழி வேண்டும் என்று திருத்தந்தை அதில் வற்புறுத்தினார். ரோமையில் எழுதியவரும் செங்கல்பட்டில் எழுதியவரும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் இருவர் எழுத்தும் ஓர் உண்மையையே சுட்டியதில் நாம் தேவ பராமரிப்பைக் காண்கிறோம்.

1892 செப்டம்பர் 30ஆம் தேதி 1010ஆம் எண் அரசாணை பிறந்தது. அதன் வழியாக ஒடுக்கப்பட்டோருக்கு வழங்கப்பட்ட நிலங்களையே 'பஞ்சமி நிலம்' என்றும், பதிவேடுகளில் 'டி.சி. நிலம்' என்றும் சொல்கிறோம். மாகாணம் முழுவதிலும் சுமார் 12 லட்சம் ஏக்கர் இவ்வாறு வழங்கப்பட்டதாகக் கூறுவர். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் விற்கலாகாது, அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனைகளும் அந்நிலங்களுக்கு உண்டாயின.

காகிதம் கையில் வந்ததும் வீடு வந்துவிடவில்லை. கிடைத்தது முள்ளும் கல்லும் மண்டிய தரிசு. கிணறு வெட்டவும், ஏர் மாடு வாங்கவும், விதைக்கவும் பணம் வேண்டும். முதல் விளைச்சல் வரும்வரை கஞ்சிக்கும் வழி வேண்டும். பழைய எஜமானரின் கோபத்தைத் தாங்கும் நெஞ்சுரம் எல்லாவற்றையும்விட அதிகமாக வேண்டும். இதை உணர்ந்த ஆண்ட்ரூ போதகர் உழவர் குடும்பங்களைச் சேர்த்துக் குடியேற்றங்களை உருவாக்கினார். ஸ்காட்லாந்து தேசத்து மெல்ரோஸ் ஊரின் பெயரைத் தாங்கிய மெல்ரோசாபுரம் இன்றும் அதற்குச் சாட்சி.

பயிர் நிலத்துக்கு வழி பிறந்தும், மனையுரிமை மெல்லத்தான் வந்தது. 1919ஐ ஒட்டி ஏற்பட்ட லேபர் கமிஷனர் இலாகா, நிலம் கையகப்படுத்தி வீட்டுமனைகள் வழங்கும் வேலையைத் தொடங்கியது. பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அம்மனையையே சொந்தமாக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 1971ஆம் ஆண்டில்தான் வந்தது. டிரெமன்ஹீர் அறிக்கைக்கும் இச்சட்டத்துக்கும் இடையே 80 ஆண்டுகள்!

பெற்றதைக் காப்பதும் எளிதாயிருக்கவில்லை. பஞ்சத்தாலும் கடனாலும் ஏமாற்றாலும் பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் அவற்றை மீட்க மக்கள் எழுந்தனர். 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிர் நீத்தனர். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை நாம் பிரசங்கத்தில் கேட்கும்போது அது எங்கோ இஸ்ராயேலில் நடந்த கதை என்று எண்ண வேண்டாம்.

பிரியமானவர்களே, கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகிலும் இன்று மனைகள் பிரித்து விற்கப்படுகின்றன. நகரத்திலிருந்து பல குடும்பங்கள் நம் கிராமங்களில் வீடு கட்டிக் குடியேறுகின்றன. அவர்களை மனமார வரவேற்கிறோம். ஆனால் மனை வாங்குமுன் பட்டாவோடு 'அ' பதிவேட்டையும் பார்த்து, அது டி.சி. நிலம் அன்று என்று உறுதி செய்து கொள்ளுங்கள். ஏழையின் கண்ணீர் ஊறிய மண்ணில் எழும்பும் வீட்டுக்கு எந்தத் தீர்த்தமும் சாந்தி தராது. நம் பழங்குடி மக்களே, உங்கள் முன்னோர் பெற்ற மனைக்குப் பட்டா உங்கள் பெயரில் உள்ளதா என்று தாலுகா ஆபீசில் விசாரியுங்கள். அவசரச் செலவுக்காக அதை அடகு வைக்காதீர்கள். படிவம் நிரப்பவும் மனு எழுதவும் தெரிந்த நம் இளைஞர்கள் தெரியாதவர்களுக்கு உதவ வேண்டும். ஜூபிலிக்குச் செய்யும் நற்கிரியைகளில் இதையும் ஒன்றாகக் கொள்ளுங்கள்.

பழைய ஏற்பாட்டில் ஜூபிலி ஆண்டு என்பதே இழந்த காணிக்கு அவரவர் திரும்பும் ஆண்டுதான். சத்திரத்தில் இடமின்றித் தொழுவத்தில் பிறந்த நம் ஆண்டவர், நம் பங்கில் மனையற்றவர் ஒருவரும் இல்லாதபடி நம்மை ஒரே குடும்பமாகக் காத்து ஆசீர்வதிப்பாராக.