பொற்கரையின் புகையிரதப் பாதைகள்

குடியேற்ற ஆட்சியின் நோக்கத்தை அது அமைத்த புகையிரதப் பாதைகளின் திசையே புலப்படுத்தும். இன்று கானா எனப்படும் பொற்கரையில், 1898இல் செக்கொண்டிக் கரையிலே தொடங்கிய பாதை 1901இல் தார்க்குவாப் பொற்சுரங்கங்களையும், 1903இல் அசாந்தியரின் தலைநகரான குமாசியையும் அடைந்தது. அக்ராவிலிருந்து கொக்கோ விளைநிலங்களூடாகச் சென்ற மற்றொரு பாதை 1923இல் குமாசியை எட்டியது. 1928இல் தக்கோராடித் துறைமுகம் திறக்கப்பட்டது. பொன்னும் கொக்கோவும் கடலை நோக்கி விரைந்தன.

ஆயின், 1957இல் நாடு சுதந்திரம் எய்தியபோதும் குமாசிக்கு அப்பால் வடபுலத்திற்குத் தண்டவாளம் சென்றிருக்கவில்லை. சுரங்கங்களுக்குக் கூலியாட்களை வழங்கும் நிலமாகவே ஆட்சியாளர் அதனைக் கருதியிருந்தனர்.

எனினும், பொருளேற்றுதற்கென அமைந்த பாதை தொழிலாளரையும் ஒன்றுதிரட்டியது. 1961இல் செக்கொண்டி, தக்கோராடிப் புகையிரத, துறைமுகத் தொழிலாளர் நிக்குருமா அரசின் வரவுசெலவுத் திட்டத்தை எதிர்த்து வேலைநிறுத்தஞ் செய்தனர். ஏற்றுமதியின் உயிர்நாடி அவர்தங் கையிலிருந்தமையே அப்போராட்டத்தின் வலிமையாகும்.