தம் மக்களின் வரலாற்றைப் படம்பிடித்த வில்லியம் கிரீவ்ஸ்

தன் வரலாற்றைத் தானே எழுதிவைக்காத சமுதாயத்தின் கதையைப் பிறர் எழுதுவர். அவ்வாறு எழுதப்பட்ட கதையில் அச்சமுதாயம் தன் முகத்தைக் காண இயலாது. இவ்வுண்மையைத் திரைப்படத் துறையில் உணர்ந்து, அரை நூற்றாண்டுக் காலம் அதற்காக உழைத்தவர் அமெரிக்கக் கறுப்பினத்தைச் சேர்ந்த ஆவணப்பட இயக்குநர் வில்லியம் கிரீவ்ஸ். நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அவரது வாழ்க்கையை நம் இளைஞர்கள் அறிந்துகொள்வது பயனுடையது எனக் கருதுகிறோம்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டம் நமக்கு அயலானதன்று. அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க் நகரின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டு, அம்மக்களின் அறிஞர் டு பாய்சுக்கு 1946இல் அவர் கடிதம் எழுதினார். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் பேந்தர் இயக்கம், அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தை நினைந்தே தன் பெயரைச் சூட்டிக்கொண்டது.

நடிகர், இயக்குநர் ஆகிறார்

கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் உள்ளது ஹார்லம். கறுப்பின மக்கள் பெருந்தொகையினராய் வாழ்ந்த அப்பகுதியில் 1926 அக்டோபர் 8ஆம் நாள் கிரீவ்ஸ் பிறந்தார். இளமையில் நடனத்திலும் நாடகத்திலும் தேர்ந்து, 1949இல் வெளிவந்த ‘லாஸ்ட் பவுண்டரீஸ்’ என்னும் திரைப்படத்தில் நடித்தார்.

ஆயினும் அக்காலத்துத் திரையுலகமும் மேடையும் கறுப்பினத்தாருக்குப் பெரும்பாலும் ஏவலர், கோமாளி வேடங்களையே ஒதுக்கி வைத்திருந்தன. அத்தகைய இழிவான வேடமொன்று தமக்குத் தரப்பட்டபோது கிரீவ்ஸ் அதை மறுத்து வெளியேறினார். கேமராவுக்கு முன்னால் நிற்பவர் எத்துணைத் திறமையுடையவராயினும், கேமராவுக்குப் பின்னால் நிற்பவரே கதையை முடிவு செய்கிறார் என்பதை அவர் கண்டார். எனவே படமெடுக்கும் கலையைக் கற்க விரும்பினார். அமெரிக்காவில் அதற்கு வழி அடைபட்டிருந்தமையால் 1952இல் கனடா சென்று, அந்நாட்டின் தேசியத் திரைப்பட வாரியத்தில் பணியில் அமர்ந்தார். படத்தொகுப்பு, ஒலி, எழுத்து, இயக்கம் எனத் தொழிலின் எல்லாப் பிரிவுகளையும் அங்குப் பயின்றார்.

குடியுரிமைப் போராட்டம் வலுப்பெற்ற காலத்தில், 1963இல், தாயகம் திரும்பி, 1964இல் சொந்தத் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார். 1966இல் செனகல் நாட்டின் டாக்கார் நகரில் நடந்த முதல் உலகக் கறுப்பினக் கலை விழாவைப் படமாக்கினார்.

‘பிளாக் ஜர்னல்’ எழுப்பிய கேள்வி

1967இல் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கலவரங்கள் மூண்டன. அவற்றை ஆராய அரசு அமைத்த கெர்னர் குழு, 1968இல் தந்த அறிக்கையில், நாட்டின் செய்தித்துறை வெள்ளையரின் கண்கொண்டே உலகைப் பார்க்கிறது என்று குறை கூறியது. அவ்வாண்டு ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூனில் பொதுத் தொலைக்காட்சியில் ‘பிளாக் ஜர்னல்’ என்னும் மாத நிகழ்ச்சி தொடங்கியது. கறுப்பின மக்களைப் பற்றி, அவர்களுக்காக, அவர்களாலேயே நடத்தப்படுவது என்று அது விளம்பரப்படுத்தப்பட்டது. ஆனால் அதன் தலைமைத் தயாரிப்பாளர் வெள்ளையர். முடிவெடுக்கும் உரிமை அவரிடமே இருந்தது.

ஆகஸ்டு மாதம் கறுப்பினப் பணியாளர்கள் வேலையை விட்டு வெளிநடப்புச் செய்தனர். சம்பளத்தைக் காட்டிலும் பெரிய உரிமையொன்று அங்கு வழக்காக இருந்தது. எங்கள் பெயரால் பேசப்படுவதை முடிவு செய்வது யார் என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. இறுதியில் அவர்கள் வென்றனர். நிகழ்ச்சியின் தொகுப்பாளர்களுள் ஒருவராயிருந்த கிரீவ்ஸ் தலைமைத் தயாரிப்பாளர் ஆனார். 1970இல் அந்நிகழ்ச்சி எம்மி விருது பெற்றது.

விருதினும் மேலான பயன் ஒன்றுண்டு. கறுப்பின இளைஞர்களுக்குத் திரைத்தொழில் கற்பிக்கும் பயிற்சிப் பட்டறை அந்நிகழ்ச்சியின் சார்பில் நடந்தது. செயின்ட் கிளேர் போர்ன், மேட்லின் ஆண்டர்சன் முதலிய இயக்குநர்கள் அந்நிகழ்ச்சியில் பணிபுரிந்து வளர்ந்தவர்களே. தாம் பெற்ற கல்வியைப் பத்துப் பேருக்குப் பகிர்ந்தளிக்கும்போதுதான் ஒருவரது முன்னேற்றம் சமுதாயத்தின் முன்னேற்றம் ஆகிறது.

படித்தவர்களை நோக்கிய படம்

1968இல் கிரீவ்ஸ் எடுத்த ‘ஸ்டில் எ பிரதர்’ என்னும் ஆவணப்படம், கறுப்பினத்து நடுத்தர வகுப்பாரைப் பற்றியது. கல்வியும் பதவியும் வசதியும் பெற்ற அம்மக்கள், வறுமையில் வாடும் தம் இனத்தாரோடு எவ்வாறு உறவு பூணுவது என்று மனம் தடுமாறுவதை அது காட்டியது. படித்தவர்கள் தம் மக்களை மறந்துவிட்டனரே என்று 1956இல் ஆக்ராவில் அண்ணல் வருந்திப் பேசியதை அறிந்த நமக்கு, இப்படம் நம்மை நோக்கியே எடுக்கப்பட்டதாகத் தோன்றும்.

1972இல் இண்டியானா மாநிலத்துக் கேரி நகரில் கூடிய தேசியக் கறுப்பின அரசியல் மாநாட்டை அவர் படமாக்கினார். தீவிரமானது எனக் கருதி அதன் முழு வடிவத்தைத் தொலைக்காட்சிகள் ஏற்கவில்லை. 2020இல்தான் அவ்வடிவம் மீட்கப்பட்டது. ஹார்லம் மறுமலர்ச்சியைப் பற்றிய ‘ஃபிரம் தீஸ் ரூட்ஸ்’ என்னும் 1974ஆம் ஆண்டுப் படத்தை அவர் பழைய நிழற்படங்களைக் கொண்டே உருவாக்கினார். பெட்டியில் கிடந்த மங்கிய படங்களும் வரலாறாகும் என்பதற்கு அது சான்று.

1989இல் ஐடா பி. வெல்ஸ் அம்மையாரின் வாழ்க்கையைப் படமாக்கினார். அடிமைத்தளையில் 1862இல் பிறந்து ஆசிரியையாகவும் இதழாளராகவும் உயர்ந்த அவ்வம்மையார், 1892இல் மெம்பிஸ் நகரில் தம் நண்பர்கள் கும்பல் வன்முறைக்குப் பலியானபின் அக்கொடுமைகளைப் புள்ளிவிவரங்களோடு அம்பலப்படுத்தினார். அவரது அச்சகம் அழிக்கப்பட்டது, எழுத்து அழியவில்லை. 2001இல், அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் கறுப்பினத்தவரான ரால்ஃப் பஞ்சைப் பற்றிய படம் வெளிவந்தது. 2014 ஆகஸ்டு 25ஆம் நாள் கிரீவ்ஸ் மறைந்தார்.

நம் கடமை

இளைஞர்களே! நம் ஊர்களிலும் வெல்ஸ் அம்மையார்கள் வாழ்ந்துள்ளனர். திண்ணையிலும் மரத்தடியிலும் எழுத்தறிவித்தவர்கள், பொதுக் கிணற்றுக்கும் பொதுப் பாதைக்கும் போராடியவர்கள், அரை வயிறு உண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மார்கள் ஆகியோரில் பலருடைய பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்களை அறிந்த முதியோர் ஒவ்வொருவராய் மறைந்துவருகின்றனர். கிரீவ்ஸ் காலத்தில் படமெடுக்கப் பெரும் பொருளும் பெரிய கருவிகளும் தேவைப்பட்டன. இன்று கைப்பேசியே கேமராவாகியுள்ளது. எனவே வசதி இல்லை என்று நாம் கூற இயலாது.

முதியோரிடம் சென்று அமருங்கள். ஊரும் ஆண்டும் பெயரும் கேட்டுப் பதிவு செய்யுங்கள். பழைய நிழற்படங்களைத் திரட்டிப் பாதுகாத்து வையுங்கள். கற்ற கல்வியால் நம்மவர் வரலாற்றை நாமே பதிவு செய்வோமாயின், இக்கழகத்தின் பொன்விழா மலரை எழுதுவோர்க்கு அதுவே நாம் விட்டுச்செல்லும் செல்வமாகும்.