காப்பிக்கொட்டை அரைபடும் இடம்

மேலே கொட்டையைக் கொட்டிப் பொத்தானை அழுத்தினால், உள்ளேயே அரைத்துக் கீழே காப்பியை இறக்கித் தருகிற மெஷின்கள் சேலத்து வீட்டுச் சாமான் கடைகளுக்கும் வந்துவிட்டன. காப்பித்தூள் கடை வைத்திருந்தவர் மகன் என்பதால், எதை வாங்கலாம் என்று தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நான் எடுத்த எடுப்பில் கம்பெனி பெயர் சொல்வதில்லை. கொட்டை எங்கே, எப்போது அரைபடுகிறது என்பதில்தான் காப்பியின் பாதி இருக்கிறது. நம் ஊரில் அந்த அரைவை ஒருகாலத்தில் வீட்டுக்குள் நடந்தது. பிறகு கடைக்குப் போயிற்று. இப்போது திரும்ப வீட்டுக்கு வருகிறது. போனதற்கும் வருவதற்கும் காரணங்கள் உண்டு. அவை தெரிந்தால் மெஷினைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும்.

சேலத்துக்காரனுக்கு இந்தக் கதை ஏற்காட்டில்தான் தொடங்குகிறது. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். சிக்மகளூர் பக்கம் அதற்கு வெகு முன்பே செடி வந்துவிட்டது. பாபா புடான் என்ற சூஃபிப் பெரியவர் ஏமனிலிருந்து ஏழு விதைகளை மறைத்து எடுத்துவந்தார் என்று அங்கே கதை சொல்வார்கள். ஆனால் மலைமேல் செடி காய்த்ததே தவிர, அடிவாரத்து ஜனங்கள் காப்பி குடிக்கவில்லை. விளைந்ததில் பெரும்பங்கு கப்பலேறியது. கீழே விடிந்தால் நீராகாரம்தான். 19ஆம் நூற்றாண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் சமயத்தில்தான் தமிழ் நடுத்தர வீடுகளுக்குள் காப்பி நுழைந்தது. அதைப் பார்த்து அன்றைய பத்திரிகைகள் பதறியதையும், வேண்டாம் வேண்டாம் என்று எழுதிக்கொண்டே எல்லோரும் குடிக்கத் தொடங்கியதையும் ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' விரிவாகச் சொல்கிறது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. என் அக்கறை கொட்டை மீது.

அந்த முதல் தலைமுறை வீடுகளில் வாங்கியது பச்சைக்கொட்டை. வறுவலும் அரைவையும் வீட்டு வேலை. என் அப்பாயி குமுட்டி அடுப்பில் இரும்புச் சட்டி வைத்து வறுப்பார். கரண்டி நிற்காமல் ஓட வேண்டும். கொட்டை பச்சையிலிருந்து மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் அவர் முகமே மாறும். சட்டியை இறக்கி முறத்தில் கொட்டி விசிறி, தோல் பறக்கவிட்டு ஆற வைப்பார். சட்டியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கொட்டை கருகிவிடும்.

அரைக்க ஒரு கைமெஷின். லண்டனின் ஸ்பாங் கம்பெனி வார்ப்பிரும்பில் செய்தவை, அவற்றைப் பார்த்து உள்ளூரில் வார்த்தவை என்று இரண்டு வகையும் புழங்கின. மேஜை விளிம்பிலோ பலகையிலோ திருகி மாட்டலாம். மேலே புனல், பக்கத்தில் கைப்பிடி, உள்ளே பல் வெட்டிய இரண்டு இரும்புப் பிளேட். ஒன்று அசையாது, மற்றது சுற்றும். முன்னால் இருக்கும் திருகை இறுக்கினால் பிளேட்கள் நெருங்கித் தூள் நைஸாக விழும். தளர்த்தினால் கொரகொரவென்று விழும். காலையில் எவ்வளவு டிகாக்ஷன் வேண்டுமோ அவ்வளவு கொட்டைதான் புனலில் போடுவார்கள். அரைத்த தூள் ஆறுவதற்குள் பித்தளை ஃபில்டருக்குப் போய்விடும்.

மேலை நாடுகளிலும் வீட்டு மில்லின் கதை ஏறக்குறைய இதுதான். அமெரிக்காவின் தாமஸ் பிரஃப் 1798இல் சுவரில் மாட்டும் காப்பி மில்லுக்குக் காப்புரிமை பெற்றார். பிரான்சில் பிற்பாடு கார் செய்து பேர் வாங்கிய பூஜோ குடும்பம் 1840இலேயே காப்பி மில் செய்து விற்றது. எல்லாவற்றிலும் இரண்டு பல் பரப்புகள், இடைவெளியைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. இன்றைய மெஷினின் முகப்பில் இலக்கம் போட்ட திருகு இருக்கிறதே, அது செய்வதும் அதே வேலைதான்.

அரைவை வீட்டை விட்டு வெளியே போனதற்கு முதல் காரணம் மின்சாரம். 1932இல் பைக்காராவும் 1937இல் மேட்டூரும் மின்சாரம் தரத் தொடங்கியபின் கொங்குப் பக்கத்து ஊர்களில் மோட்டார் வைத்த மில்கள் பெருகின. மாவு, மிளகாய், காப்பி எதுவானாலும் கடையில் கொடுத்தால் கண்மூடித் திறப்பதற்குள் அரைத்து வாங்கலாம். வீட்டுப் பெண்களின் தோளிலிருந்து ஒரு வேலை இறங்கியது. கைமெஷின் போனதை நினைத்து ஏங்குகிறவர்கள் அதைத் தினமும் சுற்றியது யார் என்பதையும் நினைக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் சட்டம். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை மூடிக்கொண்டதும் தோட்டக்காரர்கள் திண்டாடினார்கள். அரசு 1940இல் சந்தை விரிவாக்க வாரியம் ஒன்றை அமைத்தது. 1942இல் காப்பிச் சட்டம் வந்தது. விளைந்த கொட்டையை வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். வியாபாரிகள் அங்கே ஏலத்தில் எடுக்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து அண்ணாந்து பார்த்தால் ஏற்காடு மலை தெரியும். ஆனால் அந்த மலையில் இன்ன தோட்டத்தில் விளைந்தது என்று பெயர் சொல்லி ஒரு கிலோ கொட்டை கடையில் வாங்க முடியாது. எல்லாத் தோட்டமும் ஒன்றாகக் கலந்து பிளாண்டேஷன் ஏ, பீபெரி, ரொபஸ்டா என்று தரம் பிரிந்துதான் மூட்டை வரும். அந்த மூட்டைகளை வைத்து ஒரு ருசியைக் கட்டுவது தூள் கடைக்காரரின் கைவித்தை ஆயிற்று.

அதைக் கைவித்தை என்றே சொல்கிறேன். எங்கள் அப்பாவைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு காய்க்குள் இரண்டாக இல்லாமல் ஒற்றையாய் உருண்டு விளைவதுதான் பீபெரி. தட்டைப் பக்கம் இல்லாததால் உருளையில் நன்றாக உருண்டு ஒரே சீராக வறுபடும். மணத்துக்கு அது, கனத்துக்கு ரொபஸ்டா, நடுவில் பிளாண்டேஷன் என்று அவருக்கு ஒரு கணக்கு. மில்லின் வாயில் விழும் தூளை ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்ப்பார். ரேகைக்குள் மாவாக ஒட்டினால் பிளேட்டைக் கொஞ்சம் தளர்த்துவார். மணல் மாதிரி உருண்டால் இறுக்குவார். பிளேட்டின் பல் மழுங்கிவிட்டால் தூள் சூடாக இறங்கும். அந்தச் சூட்டிலேயே பாதி மணம் கடை முழுக்கப் பரவிப் போய்விடும். தெருவில் போகிறவர்கள் என்ன வாசனை என்பார்கள். அப்பாவுக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. தெருவுக்குப் போன வாசனை பொட்டலத்துக்குள் இருக்காது என்பார்.

அரைத்த தூளை அகலமான தட்டில் பரப்பி ஆற வைத்துத்தான் சிக்கரி கலப்பார். சிக்கரி ஒரு செடியின் வேர், வறுத்துத் தூளாக்கியது. நெப்போலியன் காலத்தில் இங்கிலாந்தோடு நடந்த வணிகப் போரில் காப்பி கிடைக்காத ஐரோப்பா அதைப் பெரிதாகப் பிடித்துக்கொண்டது. நம்மிடம் அது நிலைத்ததற்கு ருசியும் ஒரு காரணம், விலையும் ஒரு காரணம். பாலில் விட்டாலும் நிறம் குன்றாது. தண்ணீரைப் பிடித்து வைத்து டிகாக்ஷனை மெதுவாக இறக்கும். கலவையில் குறைந்தது 51 சதவீதம் காப்பி இருக்க வேண்டும் என்பது இன்றைய உணவுச் சட்டம். எங்கள் கடையில் எண்பதுக்கு இருபதுதான் வழக்கம்.

வாடிக்கையாளர் ஒவ்வொருவருடைய ஃபில்டரும் அப்பாவுக்குத் தெரியும். மழைக்காலத்தில் ஒரு பாட்டி வந்து கேட்டது நினைவிருக்கிறது.

"ஏப்பா, போன வாரத் தூள்ல டிகாசனே எறங்கல. தட்டித் தட்டிக் கைதான் வலிக்குது."

"ஈரத்துக்குத் தூள் இறுகிக்குதுங்க அம்மா. இந்தத் தடவை ஒரு சுத்துத் தளர்த்தி அரைச்சுத் தர்றனுங்க. குடையை ரொம்ப அழுத்தாதீங்க."

ஃபில்டரில் தூளின் மேல் வைக்கிற அந்தத் தண்டு வைத்த ஓட்டைத் தட்டைத்தான் குடை என்கிறோம். அரைப்பவருக்கும் காப்பி இறக்குபவருக்கும் இடையே அப்படி ஒரு பேச்சு நடந்துகொண்டே இருக்கும். வீட்டை விட்டு அரைவை போனாலும், தெருமுனை வரைதான் போயிருந்தது.

அது இன்னும் தூரம் போனது பிறகுதான். 1960களில் இன்ஸ்டன்ட் தூள் வந்தது. வெந்நீரில் கரைத்தால் போதும், அரைவை எங்கோ தொழிற்சாலையில் முடிந்துவிட்டது. ஃபில்டர் தூளும் மாதக்கணக்கில் கெடாத பாக்கெட்டுகளில் வரத் தொடங்கியது. 1963இல் சுமீத் மிக்ஸி வந்தபின் அதில் கொட்டையைப் போட்டுப் பார்த்தவர்களும் உண்டு. மிக்ஸி பிளேடு வெட்டுமே ஒழிய அரைக்காது. ஒரே ஜாரில் தூசியும் கிடக்கும், கால் கொட்டையும் கிடக்கும்; தூசி கசக்கும், கால் கொட்டையில் ஒன்றும் இறங்காது. அப்பா அதை மிளகாய்க்கு விட்டுவிடச் சொல்வார்.

இந்தச் சமயத்தில் இத்தாலியில் வேறொரு பாதை போடப்பட்டிருந்தது. தூளின் மேல் தண்ணீர் தானாகச் சொட்டி இறங்குவது நம் முறை. அவர்கள் அழுத்தம் கொடுத்துத் தள்ளினார்கள். டூரினில் ஆஞ்சலோ மொரியோந்தோ 1884இல் ஒரு நீராவி மெஷினுக்கும், மிலானில் லூயிஜி பெட்செரா 1901இல் தம்முடையதற்கும் காப்புரிமை வாங்கினார்கள். போருக்குப் பின் காஜ்ஜா நெம்புகோல் வைத்து அழுத்தத்தைப் பல மடங்கு உயர்த்தினார். இன்று எஸ்பிரஸ்ஸோவுக்கு ஒன்பது பார் அழுத்தம், இருபத்தைந்து முப்பது விநாடி என்பது பொதுக்கணக்கு. நம் ஃபில்டர் கால் மணி நேரம் எடுத்துக்கொள்வதால் அரைவையில் சிறு பிசகைப் பொறுத்துக்கொள்ளும். முப்பது விநாடி வேலை பொறுக்காது. தூள் இம்மி கொரகொரப்பானால் வெறும் தண்ணீர், இம்மி நைஸானால் அடைப்பு. அதனால் அங்கே மெஷினுக்குப் பக்கத்திலேயே மில் நிற்க வேண்டியிருந்தது. அந்த இரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடக்கி, வீட்டுக்கென்று முழுத் தானியங்கி மெஷினை 1985இல் கொண்டுவந்தது இத்தாலியின் சேகோ கம்பெனி. 'சூப்பர் ஆட்டோமேட்டிகா' என்று பெயர். இன்று நம் கடைகளில் நிற்பவை அந்த வம்சத்தில் வந்தவை.

அந்த மெஷின் இங்கே வந்து நிற்பதற்கு மெஷின் மட்டும் போதாது, கொட்டை வேண்டும். 1990களில் அரசு பிடியைத் தளர்த்தியது. 1996இல் விளைச்சல் முழுவதையும் தோட்டக்காரர்களே விற்கலாம் என்றாயிற்று. அதற்குப் பிறகுதான் இன்ன மலை, இன்ன தோட்டம், இன்ன தேதியில் வறுத்தது என்று அச்சிட்ட முழுக்கொட்டைப் பைகள் நம் கைக்கு வரத் தொடங்கின. என் அப்பா ஏலத்தில் தொட முடியாத அந்தத் தனித்தோட்டத்துக் கொட்டையை இன்று யாரும் வீட்டுக்கு வரவழைக்கலாம். எனக்கு இதில் உண்மையான சந்தோஷம்.

ஆகவே வாங்க விரும்புகிறவர்களிடம் முதலில் கேட்பது, சிக்கரி இல்லாமல் உங்களால் குடிக்க முடியுமா என்பதுதான். சிக்கரியை மெஷினின் கொட்டைப் புனலில் போடவே கூடாது. அது ஈரம் இழுத்துப் பிசுபிசுத்துப் பல் இடுக்கில் அப்பிக்கொள்ளும். பல மெஷின்களில் தூளாகவே போட ஒரு தனி வழி வைத்திருப்பார்கள். ஆனால் தினமும் அந்த வழியில்தான் போடப் போகிறீர்கள் என்றால் அரைக்கும் மெஷினுக்குக் கொடுக்கும் பணம் வீண். அந்தப் பணத்தில் கால்வாசிக்கு நல்ல கைமில் ஒன்றும் பித்தளை ஃபில்டர் ஒன்றும் வாங்கினால் பாட்டி குடித்த காப்பியே கிடைக்கும். கொட்டைக் காப்பிதான் வேண்டும் என்பவர்களுக்கு மெஷின் பொருந்தும்.

எண்ணெய் மினுங்கும் கருவறுவல் வேண்டாம். அந்த எண்ணெய் புனலில் படிந்து நாளடைவில் சிக்கு வாடை அடிக்கும். மெஷின் வேலை செய்யும்போது மேல்பாகம் சூடாகும், நம் ஊர்க் காற்றில் ஈரமும் உண்டு. புனலை நிரப்பி வைக்காமல் ஓரிரு நாளைக்கானதை மட்டும் போடுங்கள். கொட்டையை ஒருமுறை தட்டில் பரப்பிக் கண்ணோட்டம் விடுங்கள். களத்தில் காயப்போட்ட சரக்கில் பொடிக்கல் தப்பி வரும். எங்கள் கடை மில்லே ஒரு கல்லில் பல் உடைந்து நின்றிருக்கிறது, வீட்டு மெஷினின் சின்னப் பல் எம்மாத்திரம். கொட்டை மாற்றினால் முதல் கோப்பையில் பழைய தூள் கலந்துதான் வரும். கடையில் அப்பா வேறு சரக்கு அரைக்கும்போது முதல் கைப்பிடியை ஒதுக்கிவிடுவார்; அதையே வீட்டிலும் செய்யலாம்.

கடையில் பார்க்கும்போது வெளித்திரையையும் பொத்தான்களையும் விட்டுவிட்டு, அரைக்கும் பல்லைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இரும்போ பீங்கானோ, இரண்டும் நல்லவைதான். அதைத் தேய்ந்தபின் தனியாக வாங்க முடியுமா, ஊரிலேயே மாற்றித் தர ஆள் உண்டா என்று கேளுங்கள். காப்பி இறங்கும் பாகத்தை வெளியே உருவிக் குழாயடியில் கழுவ முடிந்தால் நல்லது. ஈரத் தூள் உள்ளேயே தங்கினால் நம் வெயிலுக்குச் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பு படிந்து கொதிகலன் அடைக்கும். பால் நுரைக்கும் குழாய்க்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். நம் காப்பிக்குப் பொங்கக் காய்ச்சிய பால்தான் சேரும், அது அடுப்பில் தயாராக இருக்கும்.

முதல் வாரம் அரைவை இலக்கத்தைத் தினம் ஒரு படி மாற்றிக் குடித்துப் பாருங்கள். விழுந்த தூளில் ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்து, அந்த இலக்கத்தோடு சேர்த்து எழுதி வையுங்கள். மழை தொடங்கியதும் ஒரு படி தளர்த்த வேண்டியிருக்கும்.