சேது நாணயங்களில் அச்சுப் பிழையும் பின்வந்த சிதைவும்

பழங்காசு கல்வெட்டைப் போலவே சரித்திரச் சான்றாகும். ஆனால் அதிற் காணப்படும் குறை அக்கசாலையிற் பிறந்ததா, பின்னாளில் நேர்ந்ததா என்று ஆராயாமல் அச்சான்றைக் கொள்ளுதல் தகாது.

1619ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் கைப்பற்றும் வரை யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் ‘சேது காவலர்’ எனப் பெயர் பூண்டவர்கள். அவர்களுடைய செப்புக் காசுகள் பலவற்றில் ஒருபுறம் மனித உருவமும், மறுபுறம் படுத்திருக்கும் இடபமும், அதன் கீழ் ‘சேது’ என்னும் தமிழ் எழுத்துக்களும் உள. 1924இல் வெளிவந்த கொட்றிங்ரன் அவர்களின் இலங்கை நாணய நூலிலும் இவை இடம்பெற்றன.

அக்காலத்தில் நாணய யந்திரம் இல்லை. கீழச்சின்மேற் செப்பு வில்லையை வைத்து, அதன்மேல் மேலச்சை நிறுத்திச் சம்மட்டியால் அடித்தனர். அச்சு விலகினால் உருவமும் விலகும். அப்பொழுது ஒருபக்கத்தில் எழுத்து விளிம்போடு அறுபட்டு நிற்க, எதிர்ப்பக்கத்தில் உருவமற்ற வெறுஞ் செம்பு கிடக்கும். இங்ஙனம் ஓரெழுத்தே எஞ்சிய காசைக் கண்டு வேறோர் அரசன் பெயரெனத் துணிதல் பெரும் பிழையாகும்.

இருமுறை அடிபட்ட காசில் இடபத்தின் முதுகுக்கோடு இரட்டித்துத் தோன்றும். இரண்டும் மேலெழுந்த கோடுகளாகவே இருக்கும். முன் அடித்த காசு மேலச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையின் ஒருபுறத்தில் அதே உருவம் இடம்வலம் மாறிக் குழிவாகப் பதியும். இவை யாவும் அச்சுப் பிழைகள்.

பின்வந்த சிதைவின் இயல்பு வேறு. தேய்வு மேடான இடங்களை முதலில் உண்ணும். ஆதலின் இடபத்தின் திமில் மழுங்கிய பின்னரும் பள்ளங்களில் கோடுகள் எஞ்சும். வெட்டும் கீறலும் எழுத்தையும் வெற்றிடத்தையும் ஒருங்கே ஊடறுத்துச் செல்லும்; அவற்றின் கரையில் செம்பு ஒதுங்கி நிற்கும். மண்ணிற் கிடந்து களிம்பேறிய காசில் ஒழுங்கற்ற சிறு குழிகள் காணப்படும்.

இவற்றை வேறுபடுத்துதற்கு உதவும் அடையாளங்கள் காசின் மேற்றோலிலேயே உள்ளன. புளியும் சாம்பலும் இட்டு விளக்கினால் அவை அழிந்துபோம். புதிய கீறல்களும் உண்டாகும். ஆகவே இளைஞர்காள், பழங்காசு கிடைத்தால் அதனைத் துலக்காதீர்கள். கிடைத்த இடத்தையும் நிறையையும் குறித்து வையுங்கள். நிலத்தில் அகப்பட்டதாயின் தொல்பொருட்டிணைக்களத்திற்கு அறிவியுங்கள். வீட்டுப் பெட்டகங்களிற் காசு வைத்திருக்கும் பெரியோர்களும் அவற்றை உள்ளவாறே பேணுவார்களாக. காசு பளபளத்தலினும் அதன் சான்று நிலைத்தலே நன்று.