கோர்டோபா: 856 தூண்களும் ஒரு தட்டு கத்திரிக்காயும்

ஸ்பெயின் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் மாட்ரிட், பார்சிலோனா என்று இரண்டு ஊரோடு முடித்துக் கொண்டு திரும்பி விடுகிறார்கள். மாட்ரிட்டில் இருந்து அதிவேக ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் கோர்டோபா. ஒரு நாளாவது ஒதுக்குங்கள். பேங்க்காரன் சொல்கிறேன், காசு வீண் போகாது. ஜூலை, ஆகஸ்ட் மட்டும் வேண்டாம். வெயில் 40 டிகிரியைத் தாண்டும், நம் வேலூரே தேவலாம் என்று தோன்றிவிடும்.

முதலில் மெஸ்கித்தா. காலையில் கதவு திறந்ததும் உள்ளே போய்விடுங்கள், கூட்டம் வந்தபின் அந்த அமைதி கிடைக்காது. 785 வாக்கில் முதலாம் அப்துர் ரஹ்மான் தொடங்கிய பள்ளிவாசல் இது. பின்வந்தவர்கள் 200 வருடம் நீட்டிக்கொண்டே போனார்கள். சிவப்பும் வெள்ளையுமாக இரட்டை வளைவுகள், இன்று மிஞ்சியிருக்கும் தூண்கள் 856. பல தூண்கள் பழைய ரோமானியக் கட்டடங்களில் இருந்து எடுத்து வந்தவை. ராமேஸ்வரம் பிராகாரம் பார்த்த கண்ணுக்கும் இது வேறு அனுபவம்.

1236ல் கிறிஸ்தவ அரசர் மூன்றாம் ஃபெர்டினாண்ட் ஊரைப் பிடித்தார். மசூதியை இடிக்கவில்லை, சர்ச்சாக மாற்றிக் கொண்டார். கிட்டத்தட்ட 300 வருடம் பெரிய சேதமில்லை. 1523ல்தான் பிஷப் நடுப்பகுதியை இடித்துப் பெரிய கதீட்ரல் எழுப்ப முனைந்தார். எதிர்த்தது யார் தெரியுமா? கிறிஸ்தவர்களே நடத்திய நகரசபை! இடிப்பதில் கைவைக்கும் கொத்தனாருக்கும் தச்சருக்கும் மரண தண்டனை என்று முரசறைந்தார்கள். இடித்தால் இதுபோல் இன்னொன்றைக் கட்ட முடியாது என்பது அவர்கள் வாதம். விவகாரம் பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் போனது, அவர் பிஷப் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பிற்பாடு நேரில் பார்த்து வருந்தினார் என்று ஒரு கதை உண்டு. கதை நிஜமோ பொய்யோ, தூண்காட்டின் நடுவே அந்தக் கதீட்ரல் திடீரென்று எழும்பி நிற்பதைப் பார்த்தால் நகரசபைக்காரர்கள் பக்கம்தான் என் ஓட்டு.

எங்கள் தொழில் சம்பந்தமாக ஒரு கொசுறு. 2006ல் மறைமாவட்டம் இந்தக் கட்டடத்தைத் தன் பெயரில் பத்திரப் பதிவு செய்துகொண்டது. ஆன செலவு சுமார் 30 யூரோ! வீட்டுக் கடனுக்கு மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று என்று கேட்டே பழகிய எனக்குத் தலை சுற்றியது. அந்தச் சர்ச்சை இன்னும் ஓயவில்லை.

இனி சாப்பாடு. மதியம் இரண்டு மணிக்கு முன், இரவு ஒன்பதுக்கு முன் ஹோட்டலில் அடுப்பு எரியாது, குழந்தைகளோடு போனால் கையில் பிஸ்கட் இருக்கட்டும். சைவர்கள் 'பெரென்ஹேனாஸ் கோன் மியெல்' கேளுங்கள். கத்திரிக்காயை மாவில் தோய்த்துப் பொரித்து, மேலே கரும்புப் பாகு ஊற்றித் தருவார்கள். மீன் பொரித்த எண்ணெயா என்று மட்டும் விசாரித்துக் கொள்ளுங்கள். கத்திரிக்காயும் கரும்பும் நம் பக்கத்தில் இருந்து பாரசீகம், அரபு நாடுகள் வழியாகப் போனவைதான். பெயரும் கூடவே போயிற்று. அரபியில் 'பாதிஞ்சான்', ஸ்பானிஷில் 'பெரென்ஹேனா', போர்ச்சுகீசியத்தில் 'பெரிஞ்ஜெலா'. போர்ச்சுகீசியர் கப்பலேறி இங்கே வந்ததும் அதுவே 'பிரிஞ்சால்' ஆகிவிட்டது. போன பிள்ளை வேறு பெயரில் வீடு திரும்பிய கதை. மெஸ்கித்தா முற்றத்து ஆரஞ்சு மரங்களும் அப்படியே. ஸ்பானிஷ் 'நரான்ஹா'வுக்கு மூலம் நம் நாரத்தையின் சொந்தக்காரச் சொல்தான் என்று மொழியியலாளர் பலர் கருதுகிறார்கள்.

ஊரின் பெருமை 'சால்மொரேஹோ'. ரொட்டி, தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் சேர்த்து அரைத்த குளிர்ந்த கெட்டி சூப். தக்காளி அமெரிக்காவில் இருந்து வந்தது என்பதால், மசூதி கட்டிய காலத்தில் இது கிடையாது. அதற்கு மூத்தது பாதாம் அரைத்த வெள்ளை 'மசமோரா', சில கடைகளில் இன்றும் உண்டு, எனக்கு அதுதான் பிடித்தது. சால்மொரேஹோ மேல் பன்றி இறைச்சியும் முட்டையும் தூவித் தருவார்கள். ஆர்டர் செய்யும்போதே 'ஸின் ஹமோன், ஸின் உவேவோ' என்று சொல்லிவிடுங்கள்.